ஓரத்தில் எழுதிய பெயர்கள்

ஊரிலிருந்து யாராவது வந்தால் தில்லிவாசிகள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம். குதுப்மினார், செங்கோட்டை, இந்தியா கேட், கடைசியில் கரோல்பாக்கில் ஸ்வெட்டர். இந்த முறை மச்சினர் குடும்பம் வந்தபோது ஒரு மாறுதலுக்காகப் புராணா கிலா போனோம். கோட்டைக்குள் ஷேர் மண்டல் என்று எண்கோண வடிவில் ஒரு சிவப்புக் கல் கட்டடம் இருக்கிறது. இரண்டே அடுக்கு. ஹுமாயூன் அதைத்தான் நூலகமாக வைத்திருந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1556 ஜனவரியில் நூலகப் படியில் இறங்கும்போது தொழுகை அழைப்பு காதில் விழுந்திருக்கிறது. மரியாதைக்கு மண்டியிடப் போனவருக்கு அங்கி காலில் சிக்கி, உருண்டு விழுந்து, சில நாட்களில் போய்ச் சேர்ந்தார்.

எட்டாவது படிக்கும் என் மகள் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்படி என்னப்பா புக் படிச்சாரு?"

நல்ல கேள்வி. அன்று கையில் எது இருந்ததோ, அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக விரும்பிக் கேட்ட புத்தகம் எது என்று சொல்லலாம். அன்று இரவே கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் புத்தகத்தின் பக்கங்களை அவளுக்குக் காட்ட ஆரம்பித்தேன். "ஆரம்பிச்சாச்சா!" என்று தங்கமணி எழுந்து போய்விட்டார். நீங்களாவது கொஞ்சம் இருங்கள்.

நிஜாமி 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர். இன்றைய அஜர்பைஜானில் உள்ள கஞ்சா அவர் ஊர் (ஊர்ப் பெயர்தான், வேறொன்றும் நினைக்க வேண்டாம்!). பாரசீகத்தில் ஐந்து நீண்ட காவியங்கள் எழுதினார். ஐந்தையும் சேர்த்துக் 'கம்ஸா' என்பார்கள். அரபியில் ஐந்து என்று பொருள். குஸ்ரோ-ஷிரின், லைலா-மஜ்னு, ஏழு இளவரசிகளை மணக்கும் பஹ்ராம் கூர் என மூன்று காதல் கதைகள் அதில் உண்டு. இந்திப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு லைலா மஜ்னு, ஷிரின் ஃபர்ஹாத் என்ற பெயர்கள் பழக்கம். கதைதான் முழுசாகத் தெரியாது.

நிஜாமிக்கு நூறு வருடம் கழித்து, 1300ஐ ஒட்டி, தில்லியில் இருந்த அமீர் குஸ்ரோ அதே வரிசையில் தானும் ஒரு கம்ஸா எழுதினார். நிஜாமுதீன் தர்காவில், தன் குருவின் பக்கத்திலேயே அடக்கமாகியிருக்கிறாரே, அவர்தான். தமிழர்களுக்கு இன்னொரு விதத்திலும் அவர் அறிமுகமாகியிருக்க வேண்டும். 1311இல் மாலிக் காஃபூர் மதுரை வரை வந்த படையெடுப்பைப் பாரசீகத்தில் எழுதி வைத்தவர் அவரே.

குஸ்ரோ-ஷிரின் கதையை மகளுக்குச் சொன்னேன். பாரசீக இளவரசன் குஸ்ரோவுக்கு ஷாபூர் என்று ஒரு நண்பன். ஓவியன். அர்மீனிய இளவரசி ஷிரின் தோழிகளோடு உலாவ வரும் இடத்துக்குப் போய், குஸ்ரோவின் படத்தை வரைந்து ஒரு மரத்தில் மாட்டி வைக்கிறான். தோழிகள் பயந்துபோய்ப் படத்தை ஒழித்துக்கட்டுகிறார்கள். அடுத்து வேறு இடத்தில் இன்னொரு படம். அதற்கும் அதே கதி. மூன்றாவது தடவையும் படம் வருகிறது. ஷிரின் மனசு போய்விடுகிறது. குதிரை ஏறி முகம் தெரியாத ஒருவனைத் தேடிக் கிளம்புகிறாள். வழியில் ஒரு குளத்தில் அவள் குளிக்கும்போது அவனே அந்தப் பக்கம் வருகிறான். இரண்டு பேருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவள் அவன் ஊருக்கும் அவன் அவள் ஊருக்குமாகப் போய்ச் சேருகிறார்கள்.

"செம காமெடி," என்றாள் மகள்.

நம் நளன் கதையில் தமயந்தியிடம் தூது போவது அன்னம். அது பேசுகிறது, இவள் கேட்டு மயங்குகிறாள். நிஜாமியிடம் அந்த வேலையை ஓவியம் செய்கிறது. மற்ற காவியங்களிலும் இதே சங்கதிதான். பஹ்ராம் கூர் அரண்மனையில் பூட்டியிருந்த ஓர் அறையைத் திறந்து ஏழு நாட்டு இளவரசிகளின் படங்களைப் பார்த்துக் காதல் கொள்கிறான். தூதுவன் வேடத்தில் போகும் அலெக்சாண்டரை நுஷாபா ராணி கண்டுபிடித்துவிடுகிறாள். எப்படி? அவன் படம் அவளிடம் இருக்கிறது! ஓவியத்துக்கு இவ்வளவு வேலை கொடுத்த கவிஞரின் புத்தகத்துக்குப் படம் வரையச் சொன்னால் எந்த ஓவியனுக்கும் கொண்டாட்டமாகத்தானே இருக்கும்?

சரி, இந்தப் புத்தகம் படங்களோடு இந்தியாவில் உருவான கதைக்கு வருகிறேன்.

ஷேர் ஷாவிடம் தோற்ற ஹுமாயூன் நாடு விட்டு ஓடி, 1544இல் ஈரானில் ஷா தஹ்மாஸ்பிடம் அடைக்கலம் புகுந்தார். ஷாவிடம் உலகத் தரமான ஓவியர்கள் இருந்தார்கள். அவர்களில் மீர் சையத் அலி, அப்துஸ் சமத் என்ற இருவரைத் தன்னிடம் வரும்படி அழைத்தார். 1549இல் அவர்கள் காபூல் வந்து சேர்ந்தார்கள். ஹுமாயூன் தில்லியைத் திரும்பப் பிடித்தபோது கூடவே இந்தியா வந்தார்கள். மீர் சையத் அலி ஏற்கெனவே 1540 வாக்கில் ஷாவின் நிஜாமி புத்தகத்துக்கு ஒரு மஜ்னு படம் வரைந்தவர். காதலால் பித்தனான மஜ்னுவைச் சங்கிலியில் கட்டி ஒரு கிழவி லைலாவின் கூடாரத்துக்கு இழுத்து வருகிறாள். சுற்றிலும் கூடாரங்கள், சமையல், கல்லெறியும் பையன்கள். இன்று அது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆக, மொகலாய ஓவியக் கூடத்தைத் தொடங்கி வைத்த ஆசான்களே வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்கள். நம்ம கேஸ்தான்.

அக்பருக்கு எழுதப் படிக்க வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தினமும் புத்தகம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். வாசிப்பவர் நிறுத்திய இடத்தில் தன் கையாலேயே ஒரு குறி போட்டு, எத்தனை பக்கம் வாசித்தாரோ அத்தனைக்குக் கூலி கொடுப்பார் என்று அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதுகிறார். அப்படிக் கேட்ட புத்தகங்களின் பட்டியலில் நிஜாமியும் அமீர் குஸ்ரோவும் உண்டு.

எழுத்துப் பக்கத்தைக் காதால் படித்த அரசருக்குப் படப் பக்கத்தைக் கண்ணால் படிக்க வேண்டுமே! அக்பரின் அரசவை லாகூரில் இருந்த காலத்தில், 1595இல், நிஜாமியின் கம்ஸா ஒன்று தயாரானது. அடுத்து 1597-98இல் அமீர் குஸ்ரோவின் கம்ஸா. மொகலாய ஓவியத்தில் இந்த இரண்டுக்கும் மேலே வைக்கக்கூடிய புத்தகங்கள் அதிகம் இல்லை. அதற்கு முன்னால் ஹம்சாநாமா, ரஸ்ம்நாமா (பாரசீக மகாபாரதம்) போன்ற பிரம்மாண்டமான வேலைகளில் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று பேர் கை வைப்பார்கள். கோடு ஒருவர், வண்ணம் ஒருவர், முகம் மட்டும் இன்னொருவர். இந்தக் கவிதைப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு படத்துக்கு ஒரே ஆள். சின்ன அளவு, பொறுமையான வேலை.

எப்படிச் செய்தார்கள்? முதலில் எழுத்துக் கலைஞர் கவிதையை எழுதி, படத்துக்கு இடம் விட்டு வைப்பார். ஓவியர் அந்த இடத்தில் மெல்லிய கோட்டில் வடிவம் போட்டு, வெள்ளை பூசி, அதன் மேல் வண்ணத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றுவார். தூரிகை அணில் வால் முடி. நீலம், பதக்ஷான் மலையில் கிடைக்கும் லாபிஸ் கல்லை அரைத்தது. பச்சைக்கு மாலகைட். தங்கம் நிஜத் தங்கப் பொடி, சிப்பியில் கரைத்து வைத்துக்கொள்வார்கள். அவ்வப்போது தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். வண்ணம் தாளோடு தாளாக ஒட்டி மினுங்குவது அதனால்தான்.

இனி என் தொழில் புத்தி. நான் கணக்குத் தணிக்கை பார்த்தே பிழைப்பவன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். யார் தயாரித்தது, யார் சரிபார்த்தது, சின்னக் கையெழுத்து எங்கே? இந்தப் படங்களிலும் அதுதான் நடந்தது. படத்துக்கு வெளியே, பக்கத்தின் அடி ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். ஓவியர் பெருமையாகப் போட்ட கையெழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நூலகத்து எழுத்தர் குறித்து வைத்தது, யார் வேலை எது என்ற கணக்குக்காக. வாரா வாரம் மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் வேலைகளை அக்பர் முன் வைப்பார்கள். அவர் தரம் பார்த்து வெகுமதி கொடுப்பார், சம்பளம் ஏற்றுவார் என்கிறார் அபுல் ஃபசல். நமக்கு வருடத்துக்கு ஒரு அப்ரைசலுக்கே வயிற்றைக் கலக்குகிறது!

எழுத்துக் கலைஞர்களின் நிலைமை வேறு. நிஜாமி புத்தகத்தை எழுதிய அப்துர் ரஹீமுக்கு 'அம்பரீன் கலம்' என்று பட்டம். அம்பர் மணக்கும் எழுதுகோல். அமீர் குஸ்ரோ புத்தகத்தை எழுதிய காஷ்மீரி முகமது ஹுசேனுக்கு 'ஜரீன் கலம்', பொன் எழுதுகோல். எழுதினவருக்குப் பட்டம், வரைந்தவருக்கு ஓரத்தில் கணக்குக் குறிப்பு. அதிலும் பின்னாளில் புத்தகத்தைத் திரும்ப பைண்ட் செய்தவர்கள் ஓரத்தை வெட்டும்போது பல பெயர்கள் வெட்டோடு போய்விட்டன.

மிஞ்சிய பெயர்களைப் படித்துப் பாருங்கள். லால், மிஸ்கின், மாது, முகுந்த், சன்வலா, மனோகர். அபுல் ஃபசல் பெயர் சொல்லிப் பாராட்டும் 17 ஓவியர்களில் 13 பேர் இந்துப் பெயர்க்காரர்கள். அந்தப் பட்டியலில் உள்ள தஸ்வந்த் ஒரு பல்லக்குத் தூக்கியின் மகன். சுவர்களில் கிறுக்கித் திரிந்த பையனை அக்பர் கவனித்து அப்துஸ் சமதிடம் ஒப்படைத்தார். பெரிய ஆளாக வந்தான், பிறகு மனநிலை கெட்டு 1584இல் தற்கொலை செய்துகொண்டான்.

இவர்களில் பலருக்குப் பாரசீகம் தாய்மொழி அல்ல. அரேபியப் பாலைவனத்தைக் கண்ணால் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. யாரோ கதையைச் சொல்ல, கேட்டு வரைந்திருக்க வேண்டும். அப்போது என்ன ஆகும்? தெரிந்ததை வைத்துத்தானே தெரியாததை வரைய முடியும்? அதனால் மொகலாயப் படங்களில் மஜ்னு மெல்ல மெல்ல நம் ஊர் ஆளாகிவிடுகிறான். எலும்பும் தோலுமாக, இடுப்பில் ஒரு துண்டோடு, சடை விழுந்து அவன் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் கங்கைக் கரைச் சாமியார் என்றுதான் சொல்வீர்கள். அவனைச் சுற்றி அமைதியாகப் படுத்திருக்கும் விலங்குகளில் முறுக்குக் கொம்பு வெளிமான் வந்துவிடுகிறது. பசாவன் வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரு படம் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உண்டு. எலும்பு தெரியும் ஒரு குதிரையும் அதே நிலையில் ஒரு மனிதனும். மஜ்னுதான் அது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். லைலா அந்தப் படத்தில் இல்லை. இல்லாமலேயே அவன் நிலைமை புரிகிறது.

1595 புத்தகத்தில் அலெக்சாண்டர் காவியத்துக்கு மாது வரைந்த படம் ஒன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ தானே செய்த இசைக் கருவியை வாசித்து விலங்குகளை மயக்குகிறார். நிஜாமி சொன்ன கருவி எப்படி இருக்கும்? மாது ஓர் ஐரோப்பிய ஆர்கனை வரைந்துவிட்டார், அதன் பலகைகளில் ஐரோப்பியப் பாணிப் படங்கள் வேறு. 1580ஐ ஒட்டி கோவாவிலிருந்து அக்பர் அரசவைக்கு ஓர் ஆர்கன் வந்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்திருந்தது. கிரேக்க ஞானி, பாரசீகக் கவிதை, போர்த்துகீசியர் வழி வந்த கருவி, வரைந்தவர் மாது. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த படம் சூர் குஜராத்தி என்பவர் வரைந்தது. அதுவும் அலெக்சாண்டர் காவியத்தில் வரும் கதைதான். புகழ்பெற்ற ஓவியர் மானி சீனா போகிறார். அங்கே உள்ளவர்கள் அவரை ஏமாற்ற வழியில் படிகத்தால் ஒரு பொய்க் குளம் செய்து வைக்கிறார்கள். தாகத்தோடு வந்த மானி தண்ணீர் மொள்ளப் போக, மண்குடம் மோதி உடைகிறது. மானி கோபப்படவில்லை. அந்தப் படிகத்தின் மேலேயே புழு நெளியும் ஒரு செத்த நாயை வரைந்துவிட்டுப் போகிறார். இனி தாகத்தோடு வருகிறவர்கள் அருவருத்து ஒதுங்கிவிடுவார்கள், அவர்கள் குடமாவது தப்பும். குஜராத்திலிருந்து எங்கோ வந்து, யாருடைய மொழியிலோ உள்ள கதைக்கு உழைத்த ஓவியருக்கு இந்தக் கதை கிடைத்தது எவ்வளவு பொருத்தம்! அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் பெயரில் ஒட்டியிருக்கும் அந்தக் 'குஜராத்தி'தான் கண்ணில் படுகிறது. ஆபீசில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்களைவிட 'மதராசி' என்று அழைத்தவர்கள் அதிகம்.

அக்பர் 1605இல் காலமானார். நூலகம் ஜஹாங்கீருக்கு வந்தது. ஒரே படத்தில் பலர் முகங்கள் வரைந்திருந்தாலும் எந்த முகம் யார் கை என்று தன்னால் சொல்ல முடியும், ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறொருவர் வரைந்திருந்தாலும் கண்டுபிடிப்பேன் என்று தன் நினைவுக் குறிப்பில் பெருமை அடித்துக்கொண்டவர் அவர். அப்பா செய்வித்த நிஜாமி புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். 1610 வாக்கில், அதன் கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம் சேர்க்கச் சொல்லி தௌலத் என்ற ஓவியருக்கு உத்தரவிட்டார்.

அந்தப் படத்தில் குஸ்ரோ இல்லை, ஷிரின் இல்லை, மஜ்னுவும் இல்லை. இரண்டு வேலைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுத்துக் கலைஞர் அப்துர் ரஹீம், தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரே தௌலத், முழங்காலில் பலகையைச் சாய்த்து வரைந்துகொண்டிருக்கிறார். ராஜாக்களும் காதலர்களுமாக நிறைந்த புத்தகம் அதைச் செய்தவர்களின் முகத்தோடு முடிகிறது. அதே காலத்தில் சக ஓவியர்களின் உருவங்களையும் ஓர் ஆல்பத்தின் ஓரங்களில் வரையும்படி ஜஹாங்கீர் தௌலத்திடம் சொன்னார். அது இன்று டெஹ்ரானில் இருக்கிறது. ஓரத்தில் பெயராக மட்டும் இருந்தவர்கள் ஓரத்திலேயே முகமாக வந்துவிட்டார்கள்.

புத்தகம் பிறகு பட்ட பாடு தனி. இன்று அதன் பெரும்பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட படங்களோடு. ஐந்து படங்கள் அமெரிக்காவில் பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில். அமீர் குஸ்ரோ புத்தகமும் அப்படித்தான்: பெரும்பகுதி வால்டர்ஸில், சில பக்கங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு ஊரில். வால்டர்ஸ் தன்னிடம் உள்ளதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நாங்கள் பார்த்ததும் அங்கேதான்.

முடிக்கும் முன் எங்கள் ஊர் சங்கதி ஒன்று. அக்பரின் அரசவைக் கவி ஃபைஸி, நிஜாமிக்குப் போட்டியாகத் தானும் ஐந்து காவியம் எழுத நினைத்தார். லைலா-மஜ்னுவுக்கு ஈடாக அவர் எடுத்துக்கொண்டது அரபுக் கதையோ பாரசீகக் கதையோ அல்ல, நம் நளன் தமயந்தி. 'நல் தமன்' என்று பெயர், 1594இல் முடிந்தது. ஃபைஸியைக் கண்டாலே ஆகாத பதாவுனிகூட, அமீர் குஸ்ரோவுக்குப் பிறகு முந்நூறு வருடத்தில் இந்தியாவில் இப்படி ஒரு காவியம் வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். அக்பர் அதைப் பிரதி எடுத்துப் படம் போடச் சொல்லி, நகீப் கானைத் தனக்கு வாசிக்கச் சொன்னார்.

லாகூரில் நளன் பாரசீகம் பேசிய அந்தக் காலகட்டத்தில், எங்கள் தென்காசியில் ஆண்டவர் அதிவீரராம பாண்டியர். நளன் கதையைத் தமிழில் 'நைடதம்' என்று பாடியவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த வெற்றிவேற்கையும் அவர் எழுதியதே. லாகூருக்கும் தென்காசிக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. கதைக்கு இரண்டு வீடும் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை.

"அப்பா, அந்த சூர் குஜராத்தி வீட்டுல பசங்ககிட்ட குஜராத்தியிலதான் பேசியிருப்பாரு, இல்ல?"

"பேசியிருப்பாரும்மா."

"அதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கலையே."

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் தமிழ் நன்றாகக் கேட்பாள், சுமாராகப் பேசுவாள். படிக்க வராது. பள்ளியில் இந்தியும் சமஸ்கிருதமும்தான். நளன் கதை, அன்னம், அதிவீரராமர் எல்லாமே என் வாயிலிருந்து அவள் காதுக்குப் போனவை. அக்பரும் காதால் கேட்டவர்தானே என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்பருக்கு நகீப் கான் இருந்தார், அவருக்குப் பிறகு வேறு ஆள் கிடைத்திருப்பார். என் வீட்டில் வாசித்துக் காட்ட நான் ஒருவன்தான் இருக்கிறேன். தங்கமணிக்கு இதில் பொறுமை கிடையாது.

மறுநாள் காலை பழைய டைரி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முதலில் என் பேரை எழுதச் சொல்லிக்கொடு என்றாள். மூன்று எழுத்து. ஒரு மணி நேரம் ஆனது. கொஞ்சம் கோணல்தான். பக்கத்தின் அடியில், ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.